நான் கோழிகளில் செய்த ஆராய்ச்சி

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்த நாட்டின் அரச ஆவணம் ஒன்றில் என்னுடைய தொழில் ‘ஆராய்ச்சியாளர்’ என்று பதிவாகியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தை இரண்டாம் தடவையில், அதுவும் வெறும் சாதாரண சித்தியோடு தாண்டியவன் நான். (அன்றைக்கு அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார்.) அந்தச் சொல்லை அந்தக் கடதாசியில் எழுதவைத்தது வேறு யாருமில்லை, என் வாய்தான். ஏழு வருடமாகிறது. இப்போது நினைத்தாலும் கோபத்தில் காது சூடாகிறது. கோபத்தில் முக்கால் பங்கு என் மேல். மிச்சக் கால் பங்கு, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒட்டியிருந்த ஒரு வரியின் மேல்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தடியில், சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் கிளார்க். கப்பலில் வரும் பொருளுக்குப் படிவம் நிரப்புவதும், கோப்பைத் தூக்கிக்கொண்டு சுங்கத்தில் மேசைக்கு மேசை அலைவதும்தான் வேலை. இந்த வேலையில் சில வருடம் இருந்தால் நோய் மாதிரி ஒரு வருத்தம் பிடிக்கும். எந்தப் பொருளைக் கண்டாலும், அது எந்தச் சட்டத்தில் வரும், எந்தச் சட்டத்தில் வராது என்று வாய் தானாகக் கதைக்கத் தொடங்கும். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்துகொண்டு பருப்பின் இறக்குமதி வரியை விளக்கியவன் நான். பக்கத்தில் இருந்தவர் பாயாசத்துக்குக்கூட நிற்காமல் எழும்பிப் போய்விட்டார்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீடு. அப்பா காலமான பிறகு வீட்டில் மிஞ்சியது அம்மா, நான், தங்கச்சி தர்சினி, அம்மாவின் பதினொரு கோழிகள். தர்சினி ஈட்டி எறிபவள். பாடசாலையில் தொடங்கி, மாகாணத்தில் வென்று, அந்த வருடம் தேசிய அணிக்கான தெரிவுக் குழாமில் பெயர் வந்திருந்தது. வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு ஆட்களை எடுக்கப் போகிறார்கள், இரண்டு மாதத்தில் கொழும்பில் தெரிவு. அவள் எறிந்துகொண்டிருந்த தூரத்துக்கு, ஈட்டி தவறிப் பார்வையாளரில் குத்தினாலொழிய அவளை விட்டுவிட ஏலாது என்று பயிற்றுவிப்பாளரே சொல்லியிருந்தார்.

குழாமில் பெயர் வந்த நாளிலிருந்து ஊக்கமருந்துச் சோதனை என்று அவளுக்கு ஆயிரம் கட்டுப்பாடு. தடிமன், காய்ச்சலுக்கு ஒரு குளிசை போடுவதென்றாலும் கேட்டுத்தான் போடவேண்டும். வெளியில் யார் என்ன தந்தாலும் குடிக்க மாட்டாள். மூடி உடைக்காத போத்தல் என்றால் மட்டும், அதுவும் தன் கையால் உடைத்துத்தான் குடிப்பாள். மாமா வீட்டில் மோர் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். நான் அவளை ‘மகாராணி’ என்று நக்கலடித்திருக்கிறேன். ஆனால் ஒரேயொரு விதிவிலக்கு இருந்தது. தினமும் விடியக் காலமை அவளை மோட்டார் சைக்கிளில் மைதானத்துக்கு ஏற்றிப் போவது நான். பயிற்சி முடிந்து வந்ததும், பிளாஸ்கில் நான் கொண்டுபோன, பால் விடாத பிளேன்டீயை மூடியில் ஊற்றிக் கொடுப்பேன். அதை மட்டும் என்ன ஏது என்று பாராமல், மற்றக் கையால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, ஒரே மூச்சில் குடிப்பாள். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சுகன்யா, மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்கு ரீச்சர். கலியாணத்துக்கு முதல் ‘பிரீ சூட்’ என்று ஒரு படப்பிடிப்புச் சித்திரவதை இப்போது கட்டாயமாகிவிட்டது. படம்பிடிக்க வந்தவர் ஒரு திட்டத்தோடு வந்தார். இறக்கக்கண்டிக் கடற்கரையில் மீன்பிடிப் படகொன்று நிற்கும். அதிலிருந்து சுகன்யாவை நான் இரண்டு கையிலும் ஏந்தி, கையில்லாத பெனியனோடு தண்ணீருக்குள்ளால் நடந்து வரவேண்டும். அவர் சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் அப்படி இப்படி விட்டால் சமாளிக்கலாம் என்றார்.

என் கையைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். பத்துக் கிலோ அரிசிப் பையைச் சந்திக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர இடையில் இரண்டு இடத்தில் இறக்கிவைப்பவன் நான். வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றுவது தர்சினி. பக்கத்து வீட்டார் அலுமாரி நகர்த்த ஆள் தேவையென்றால் படலையில் நின்று “தங்கச்சி நிக்கிறாவோ” என்றுதான் கேட்பார்கள். இருபத்தொன்பது வயதில், இரண்டு மாதத்துக்குள் எனக்குக் கை வேண்டும் என்ற வெறி வந்தது அப்படித்தான்.

ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே ‘மாஸ்டர்’ என்று ஒருவர். முட்டையும் பயறும் சாப்பிட்டு ஒழுங்காகத் தூக்கினால் ஆறு மாதத்தில் ஏதோ தெரியும் என்று முதல் கிழமை சொன்னார். எனக்கு ஆறு மாதம் இல்லை என்றேன். இரண்டாம் கிழமை போனில் ஒரு வெப்சைட்டைக் காட்டினார். சின்னச் சின்னக் குப்பிகள். தசையை வளர்க்குமாம், பக்க விளைவே இல்லையாம். கீழே ஒரு வரி: ஆராய்ச்சிப் பாவனைக்கு மட்டும், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல.

“இதில மனிசருக்கு இல்லையெண்டு கிடக்கே மாஸ்டர்?” என்று கேட்டேன். (புத்தி அந்த ஒரு கணம் வந்து, தலையைக் காட்டிவிட்டுப் போனது.)

“அதுதானே தம்பி விசயம்,” என்றார் அவர். “மருந்தெண்டு எழுதினா அனுமதி கேப்பாங்கள். ஆராய்ச்சியெண்டு எழுதினா ஆர் கேக்கிறது?”

வேறு யாராவது என்றால் இங்கே கொஞ்சம் பயந்திருப்பான். எனக்கு உற்சாகம் பிறந்தது. அட, இது நம்முடைய துறை அல்லவா. வீட்டுக்கு வந்து, சோறு ஆற ஆற, சட்டத்தை எனக்கு நானே விளக்கினேன். மருந்துச் சட்டம் மருந்துக்குத்தான். மருந்தென்றால் பதிவு வேண்டும், இறக்குமதி அனுமதி வேண்டும். இது தன்னை மருந்தில்லை என்று தானே சொல்கிறது. போதைப்பொருள் பட்டியலில் இதன் பெயர் இல்லை. சாப்பாடும் இல்லை, ஆகவே உணவுச் சட்டமும் தொடாது. எந்தச் சட்டத்திலும் அகப்படாத ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்தேன். அந்த முகத்தை இப்போது நேரில் கண்டால் ஓங்கி அறைவேன்.

அடுத்தது, பொதி யார் பெயரில் வருவது? இங்கேதான் என் தொழில் மூளை வேலை செய்தது. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்தப் பெயரில் ஒன்றும் இறக்க மாட்டோம். எங்கள் பெயர் சுங்கத்தின் கடதாசிகளில் எங்கும் கிடக்கும், கண்டவர் நின்று பார்ப்பார். இதுவரை ஒன்றும் இறக்குமதி செய்யாத, யாரும் அறியாத ஒரு சுத்தமான பெயராகப் பார்த்துப் போடுவோம். ஊருக்குத் திரும்பி வருபவர்களின் சாமான்களில் ரேடியோவும் குக்கரும் அப்படித்தான் அத்தைமார் பெயரில் வந்து இறங்கும். எங்கள் வீட்டில் ஆகச் சுத்தமான பெயர் யாருடையது என்று யோசித்தேன். வாழ்க்கையில் ஒரு கெட்ட பழக்கமில்லாத, ஒரு குளிசைகூடக் கேட்காமல் போடாத பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரை அடித்து, அன்புவழிபுரம் விலாசத்தைப் போட்டு, அனுப்பச் சொன்னேன்.

அந்தப் பெயர் தர்சினி.

மூன்று கிழமை கழித்துத் தபால் கந்தோரிலிருந்து அட்டை வந்தது. தர்சினியின் பெயருக்குப் பொதி ஒன்று வந்திருக்கிறது, அடையாள அட்டையோடு வந்து, சுங்க அதிகாரி முன்னிலையில் திறந்து எடுத்துக்கொள்ளவும். நான் வேலையில் இருந்தேன். அட்டை அம்மாவின் கையில் கிடைத்தது. கனடாவிலிருக்கும் சின்ன மாமா ஈட்டி எறிபவர்கள் போடும் ஆணிச் சப்பாத்து அனுப்புவதாக ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அதுதான் வந்துவிட்டதென்று சந்தோசம். தர்சினி பயிற்சியிலிருந்து வந்தவள், உடுப்புக்கூட மாற்றாமல், நெஞ்சில் நாட்டின் பெயர் எழுதிய, குழாமில் கொடுத்த நீல ரக்சூட்டோடு சைக்கிளில் போனாள். போகும்போது பாடிக்கொண்டு போனாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எனக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.

பொதிப் பிரிவில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பெட்டியை வெட்டினார்களாம். “என்ன வந்திருக்கு?” என்று அதிகாரி கேட்க, “சப்பாத்து சேர், எனக்குத்தான்,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறாள். பெட்டிக்குள் மூன்று குப்பி. அவள் ஒன்றை எடுத்து, லேபலை வாசித்து, அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். பிறகு எனக்குப் போன் எடுத்தாள். “அண்ணா, வாங்கோ,” என்ற ஒரு சொல்தான். எனக்கு விளங்கிவிட்டது.

மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் எனக்குப் பயமில்லை என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சட்டம் என் பக்கம் அல்லவா? சைக்கிள் நிற்பாட்டும் இடத்திலேயே தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அதிகாரி கிண்ணியாக்காரர், ஊருக்கு மாறி வந்து ஒரு மாதம்தான், என்னைத் தெரியாது. நரைத்த தாடி, அமைதியான முகம். தர்சினி ஒரு பக்கமாகச் சுவரோடு நின்றாள். பின்னால் நீளமான வரிசை. நான் போய், இது என்னுடைய பொருள், விளக்கம் நானே தருகிறேன் என்றேன். அவர் கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. (நின்றுகொண்டு கதைத்தால் வக்கீல் மாதிரி இருக்கும் என்று எண்ணம்.) மருந்து என்றால் என்ன, சட்டத்தில் அதற்கு விளக்கம் என்ன, பதிவு எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஐந்து நிமிடம் முழங்கினேன். லேபலை விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“சரி, மருந்தில்ல,” என்றார். “அப்ப இது என்ன?”

“ஆராய்ச்சிப் பொருள் சேர்.”

“ஆரு ஆராய்ச்சி செய்யிற?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. லேபலை இருநூறு தடவை வாசித்தவனுக்கு, ஆராய்ச்சி என்றால் அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. “நான்தான் சேர்,” என்றேன். அவர் பேனையை எடுத்தார். தொழில் என்ன என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் கம்பனிக்குப் போன் போகும். அதனால்தான் ‘ஆராய்ச்சியாளர்’ என்ற அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். வெயிலில் வெளுத்த சேட், காதில் செருகிய பேனை, கையில் கப்பல் கோப்பு. அப்படியே எழுதினார். “நீங்க சொல்றதத்தான் தம்பி நான் எழுதுவன்,” என்றார். அதே வசனத்தை எத்தனை வியாபாரிகளிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

எங்கே ஆராய்ச்சி என்றார். வீட்டில் என்றேன். எதில் என்றார். என் கண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டு வளவு வந்தது. வளவில் என்ன நின்றதோ அது வாயில் வந்தது.

“கோழியில சேர்.”

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. அதுவரை ஓய்வூதியப் பிரச்சினை கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர்கூட நிறுத்திவிட்டார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, மகனுடைய பொதிக்குக் காத்திருந்தவர், மெல்லக் கிட்ட வந்து, “கோழிக்கு என்ன வருத்தம் மகன்?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். தன் வீட்டுக் கோழிகளும் சோர்ந்து திரிகின்றன என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மனிதருக்குக் கொடுப்பதென்றால் பதியாத மருந்து, அது ஒரு குற்றம் என்றார். ஆய்வுகூட இரசாயனம் என்றால் ஆய்வுகூடத்தின் கடிதமும் அனுமதியும் வேண்டும், அது எங்கே என்றார். கோழிக்கென்றால் மிருக மருந்துக்குத் தனி அனுமதி, பரிசோதனைக்கு இன்னொன்று. பொதியின் மேல் அனுப்பியவன் ‘அழகுசாதனப் பொருள்’ என்று எழுதியிருக்கிறான், அது பொய்ப் பிரகடனம், அதற்கு வேறொரு சட்டம். ஒரு சட்டத்திலிருந்து தப்பப் பாய்ந்தால், பாய்ந்த இடத்தில் இன்னொரு சட்டம் கதிரை போட்டு இருந்தது. ஒவ்வொரு கதிரையையும் கொண்டுவந்து போட்டது நான்.

பிறகு அவர் பொதியின் மேலுறையைத் திருப்பினார். “உங்கடதெண்டா, ஏன் தம்பி இந்தப் பிள்ளைட பேர்?”

இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. நான் தர்சினியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்த நீல ரக்சூட்டை, நெஞ்சிலிருந்த எழுத்தை, அவள் கையிலிருந்த தழும்பை எல்லாம் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பேனையைக் கீழே வைத்தார். “மகள், நீங்க விளையாட்டுக்காரியா?” என்று கேட்ட குரலில் முதல்தடவையாகக் கவலை இருந்தது.

அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். இது எனக்கு, என் கை பெருக்க, கலியாணப் படத்தில் பெண்ணைத் தூக்க. அத்தனை பேருக்கும் முன்னால், அத்தனை சத்தமாக. வரிசையில் இருந்த எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். சல்லி அம்மா “அட பாவமே” என்றார். குப்பிகளைப் பறிமுதல் செய்து, என் வாக்குமூலத்தைக் கோழியோடு சேர்த்து எழுதி, எனக்குத் தண்டமும் போட்டு முடித்தார்கள். ஆனால் கையெழுத்து தர்சினியுடையது, பெயர் தர்சினியுடையது. அறிக்கையில் அது இரண்டும் இருந்தே ஆகும் என்றார் அதிகாரி. அவர் செய்தது சரி. அதுதான் ஆத்திரம்.

வெளியில், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், நான் வாயைத் திறந்தேன். (இவ்வளவுக்குப் பிறகும்.) இந்தப் பொருளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, பயப்படாதே என்று தொடங்கினேன்.

“லிஸ்டில பேர் இருக்கத் தேவையில்லை அண்ணா,” என்றாள். குரல் உயரவில்லை. “மனிசருக்கு மருந்தெண்டு எந்த நாடும் ஒத்துக்கொள்ளாத சாமான் எல்லாமே எங்களுக்குத் தடை. குடிக்கத் தேவையில்லை, வச்சிருந்தாலே பிழை. அந்த வரியை வாசிச்ச உடனேயே எனக்கு விளங்கிட்டுது.”

நான் எதை ஓட்டை என்று நினைத்தேனோ, அதுதான் பூட்டு. தப்பவைக்கும் என்று கும்பிட்ட வரியே என் தங்கச்சியின் மேல் குற்றச்சாட்டாக நின்றது. விற்றவன் அந்த வரியை எழுதியது என்னை எச்சரிக்க இல்லை, தன்னைக் காப்பாற்ற. எங்கோ ஒரு நாட்டில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, இது மனிதருக்கு என்று தெரிந்தே விற்றுவிட்டு, மனிதருக்கு இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால், பிறகு நடப்பதெல்லாம் வாங்கியவன் தலையில். நல்ல நியாயம்.

தர்சினி போனை எடுத்துப் பயிற்றுவிப்பாளரின் இலக்கத்தைத் தேடினாள். நான் மறித்தேன். அறிக்கை கொழும்புக்குப் போய், யாரோ வாசித்து, யாருக்கோ சொல்ல மாதக் கணக்காகும், அதற்குள் தெரிவு முடிந்துவிடும் என்று கெஞ்சினேன். கந்தோர்க் கடதாசி எவ்வளவு மெதுவாக ஊரும் என்பது எனக்குத் தெரியாததா?

“ஒளிச்சா அது என்ட பிழை,” என்றாள். “சொன்னா உங்கட பிழை. எனக்கு உங்கட பிழையே போதும்.”

அவள் சொன்னாள். அன்றைக்கே அவளை நிறுத்திவைத்தார்கள், விசாரணை முடியும்வரை. வீட்டுக்கு ஆட்கள் வந்து சிறுநீரும் இரத்தமும் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க, வேண்டாமென்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் வீட்டில் சமைக்கும் சத்தம்தான் கேட்டது. அம்மா என்னோடு கதைக்கவில்லை, கோழிகளோடு மட்டும் கதைத்தார்.

விசாரணை கொழும்பில். மூன்று பேர் இருந்தார்கள். என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டு, எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். இறக்கக்கண்டி, படகு, கையில்லாத பெனியன், கோழி, எல்லாம் வாசித்தேன். பாதியில் ஒருவர் கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார், தோள் குலுங்கியது. நான் அதைப் பார்த்து நிம்மதியடைந்தேன். சிரிக்கிறார்கள், ஆகவே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது நடுவில் இருந்த அம்மணி, சிரிக்காதவர், தர்சினியிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்த அண்ணா உங்களுக்குச் சாப்பிடவோ குடிக்கவோ ஏதாவது தருவதுண்டா?

தர்சினி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“ஓம்,” என்றாள். “ஒவ்வொரு நாளும் பிளேன்டீ.”

அம்மணி அதை எழுதிக்கொண்டார்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை, குற்றம் இல்லை என்று கடிதம் வந்தது. கடிதத்தின் கடைசிப் பந்தியில், குறித்த வீட்டு உறுப்பினரிடமிருந்து உணவோ பானமோ இனிமேல் பெற்றுக்கொள்ளாதிருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது என்று இருந்தது. குறித்த வீட்டு உறுப்பினர் நான். கடிதம் வந்தபோது தெரிவு முடிந்து பத்து நாள். அவளுக்குப் பதில் தெரிவாகிப் போனவள் எறிந்த தூரத்தைப் பத்திரிகையில் பார்த்தோம். தர்சினி பயிற்சியில் அதைவிட இரண்டு மீற்றர் கூட எறிந்துகொண்டிருந்தவள். அடுத்த வருடம் அவளுக்குத் தோள்மூட்டு பழுதானது. அதன் பிறகும் எறிந்தாள், ஆனால் அந்த வருடத்துக் கை திரும்பி வரவில்லை.

ஜிம் மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். “நான் உங்களுக்குத் தந்தனானா? வெப்சைட்டைத்தானே காட்டினனான்,” என்றார். அவரும் தன் நெற்றியில் ஒரு லேபல் ஒட்டி வைத்திருந்திருக்கிறார், நான்தான் வாசிக்கவில்லை. இப்போது வேறு ஏதோ விற்கிறாராம். அந்த வெப்சைட்டும் நன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை எனக்கு மெயில் வருகிறது, ‘அன்பான ஆராய்ச்சியாளரே, உங்களைக் காணவில்லையே’ என்று. நிறுத்து என்று எத்தனை தடவை அழுத்தியும் நிற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் திட்டிப் பதில் எழுதுகிறேன். பதிலுக்குக் கழிவு விலை அறிவிக்கிறார்கள்.

படமும் பிடித்தோம். படகடியில் நான் கையை நீட்ட, சுகன்யா என் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, “எனக்குக் கால் இருக்கு,” என்று சொல்லித் தானே குதித்தாள். குதித்த அலையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது நான். அந்தப் படம்தான் அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. என்னைத் தூக்கிவிட ஓடிவந்த கையும் ஓரத்தில் தெரியும். அது தர்சினியின் கை. கலியாணத்தில் அவள் எல்லா வேலையும் செய்தாள். பந்தியில் மட்டும் தன் பையிலிருந்து போத்தலை எடுத்துக் குடித்தாள்.

இப்போது அவள் ஒரு பாடசாலையில் விளையாட்டு ரீச்சர். போட்டியை விட்டு மூன்று வருடம். யாரும் அவளைப் பரிசோதிப்பதில்லை, எந்தக் கடிதமும் அவளைக் கட்டுப்படுத்துவதில்லை. நான் சட்டப்படி அதை அவளுக்கு விளக்கியும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் நான் குசினிக்குப் போய், அவளுக்கு மட்டும் என் கையால் பிளேன்டீ ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, அவள் முன்னால் வைப்பேன். “வையுங்கோ அண்ணா,” என்பாள் அன்பாக. பிறகு பையிலிருந்து போத்தலை எடுத்து, மூடியைத் திருகி உடைப்பாள். என் நாலு வயது மகள் அந்தச் சத்தத்துக்கே காத்திருந்து, “அத்தை, கோழிக் கதை சொல்லுங்கோ,” என்று மடியில் ஏறுவாள். அம்மா சல்லி அம்மாவின் குரலில் கோழிக்கு என்ன வருத்தம் என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தர்சினிதான் ஆகக் கூடச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

அவள் போன பிறகு கோப்பை அப்படியே இருக்கும், ஆறிப்போய். சுகன்யா அதை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போவாள். போன ஞாயிறும் போனாள்.

“எங்க கொண்டு போறீர்?” என்று கேட்டேன்.

“கோழிக்கு,” என்றாள். “ஆராய்ச்சிக்குத்தானே.”